கோடுகளை அழிக்கும்போது விண்மீன் திரளையும் அழித்துவிடாதீர்கள்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிர்கேம் என்ற அகச்சிவப்புக் கேமரா எடுத்த ஆழ்வானப் படத்தை, முதல் கட்டச் செயலாக்கம் முடிந்ததும் திறந்து பாருங்கள். பின்புலம் முழுக்கக் கிடைமட்டக் கோடுகளாக இருக்கும். டிடெக்டரை (ஒளியைப் பதியும் சில்லை) வரிசை வரிசையாக வாசிக்கும்போது மின்சுற்றின் அளவு மெல்ல அலைவதால் வருவது அது. 1/எஃப் இரைச்சல் என்பார்கள்.

ஒவ்வொரு வரிசைக்கும் இடைநிலை மதிப்பைக் (மீடியன்) கணக்கிட்டுக் கழித்தால் கோடு போய்விடும். ஆனால் அதற்கு முன் விண்மீன் திரள்கள் கணக்கில் சேராதபடி மாஸ்க் போட்டு மறைத்தாக வேண்டும். மாஸ்க் இறுக்கமாக இருந்தால் திரளின் மங்கலான வெளிவட்டமும் பின்புலக் கணக்கில் சேர்ந்துவிடும். கழித்த பிறகு திரளின் இடமும் வலமும் கரிய பள்ளம் விழும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மாஸ்க்கைத் தாராளமாக விரித்தால் வேறு சிக்கல். 2048 பிக்சல் அகலத்தை நான்கு பெருக்கிகள் தலா 512 பத்திகளாகப் பிரித்து வாசிக்கின்றன. பெரிய திரள் ஒன்று குறுக்கே கிடந்தால் அந்த 512-இல் கணக்கிடப் போதிய பிக்சல் மிஞ்சாது. அந்த வரிசைகளுக்கு மட்டும் முழு அகலத்தின் இடைநிலையை எடுங்கள்.

குறுகிய அலைநீளப் பக்கத்தில் ஏ3, ஏ4, பி3, பி4 டிடெக்டர்களில் புகைபோல ஒளித்தீற்றல் தெரியும். துணை ஆடியைத் தாங்கும் கம்பத்தில் பட்டு வரும் சிதறொளி அது. டிடெக்டரில் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுவதால், எத்தனை மணி நேரம் சேர்த்தாலும் தானாக மறையாது. தீற்றலின் வடிவத்தை மட்டும் காட்டும் வார்ப்புரு செய்து, அளவு பொருத்திக் கழிக்க வேண்டும். பின்புல இரைச்சலுக்கு எதிராக ஒரு மேக்னிட்யூட் (ஏறத்தாழ 2.5 மடங்கு மங்கலான பொருள் வரை) கூடுதலாக இறங்கவே 6.3 மடங்கு நேரம் தேவை. அத்தனை அருமையான நேரத்தை இந்தத் தீற்றலுக்குப் பறிகொடுக்கக் கூடாது.

படம் சுத்தமான பிறகும் நிறத்தை வைத்துத் தூரத்தைக் கணிப்பதை அப்படியே நம்ப முடியாது. சிவப்புப்பெயர்ச்சி (ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) கூடக் கூடத் திரள் தொலைவில் இருக்கிறது என்று பொருள். 14.18 சிவப்புப்பெயர்ச்சியில், ஹைட்ரஜன் விழுங்குவதால் திரளின் ஒளி சட்டென அறுபடும் லைமன் முறிவு ஏறத்தாழ 1.85 மைக்ரானுக்கு வரும், 1.5 மைக்ரான் வடிகட்டியில் திரள் காணாமல் போகும். தூசி படிந்த அருகாமைத் திரளும் அப்படியே நடிக்கும். சீர்ஸ்-93316 என்ற திரளின் சிவப்புப்பெயர்ச்சியை 2022-இல் படத்தை வைத்து 16-க்கு மேல் என்றார்கள். 2023-இல் நிறமாலை 4.9 என்றது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் உமிழ்வுக் கோடுகள் 2.7 முதல் 4.4 மைக்ரான் வரையிலான வடிகட்டிகளில் விழுந்து வெளிச்சத்தைக் கூட்டியிருந்தன. 16 என்று விடை வந்தால், வலுவான உமிழ்வுக் கோடுகள் உள்ள மாதிரியை 4.9-லும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள்.