முதுகு எங்கள் தெருவில்

ஆகஸ்ட் 11, 2024, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே ஜேசிபி வந்துவிட்டது. தெருக்கோடி வீட்டின் சுற்றுச்சுவரை இடித்தார்கள். அந்தச் சுவரில்தான் பிள்ளைகள் கரிக்கட்டியால் மூன்று கோடு போட்டு ஸ்டம்ப் வைத்திருந்தார்கள். மழையில் அழியும், மறுபடி போடுவார்கள். வாளி போய் நடு ஸ்டம்பில் இடித்ததும் பின்வீட்டுப் பையன் "போல்டு!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தோம்.

மத்தியானம்தான் விஷயம் தெரிந்தது. மெயின் ரோட்டில் இருந்த பழைய கல்யாண மண்டபத்தை வாங்கியவர்கள் அதற்கு நேர் பின்னால் இருக்கும் இந்தக் கோடி வீட்டையும் வாங்கியிருக்கிறார்கள். பேஸ்மென்ட், அதன் மேல் நாலு மாடி. துணி, பாத்திரம், மளிகை, டிவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்குமாம். அத்தைக்குப் பரம சந்தோஷம். "இனிமே தி.நகர் போக வேண்டாம்டி" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, மறைப்பானேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எதிர்வீட்டு மாமாவின் போர்ட்டிகோவில் கூட்டம். பதினேழு வீட்டில் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நங்கநல்லூரில் இது பெரிய எண்ணிக்கை. கோயில் கும்பாபிஷேகம் தவிர வேறு எதற்கும் இவ்வளவு பேர் கூடி நான் பார்த்ததில்லை.

மாமா பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சை ஆரம்பிக்கும் முன் டேப்பை எடுத்து வந்து தெருவை அளந்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். சுவருக்குச் சுவர் 7.2 மீட்டர். இதற்குள் மழைநீர் வடிகால் மூடிகள், இ.பி. பெட்டி, ஒரு வேப்பமரம், இரண்டு பக்கமும் நிற்கும் கார்கள். எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும்.

"கட்டடம் பெருசா இருக்கறது பிரச்சினையே இல்லை" என்றார் மாமா. 2019ல் வந்த கட்டட விதிகளின்படி 18.3 மீட்டர் உயரத்தைத் தாண்டினால்தான் அது உயரமான கட்டடம். அதற்குச் சாலை 12 மீட்டராவது அகலம் இருக்க வேண்டும். இவர்கள் அந்த உயரத்துக்குள்தான் கட்டுகிறார்கள். மெயின் ரோடும் அகலமானது. போதாக்குறைக்கு இங்கே விமான நிலையம் பக்கம், உயரத்துக்கு அவர்களுடைய தடையில்லாச் சான்றும் வேண்டும். அதனால் உயரத்தில் யாரும் விளையாட மாட்டார்கள்.

"அப்போ எதுதான் பிரச்சினை?"

மாமா எழுந்து போய் இடித்த சுவரைக் காட்டினார். "கடைக்கு முகம் மெயின் ரோட்டில். முதுகு நம்ம தெருவில். கண்ணாடி, லைட்டு, வாசனை எல்லாம் முகத்துப் பக்கம் போயிடும். லாரி, ஜெனரேட்டர், அட்டைப்பெட்டி, அழுகின காய்கறி, எல்லாம் முதுகுப் பக்கம்."

யாரும் பேசவில்லை. அவருடைய அக்கா தி.நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தவர். 1920களில் ஏரியைத் தூர்த்து, வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பதற்கென்றே உண்டாக்கிய பேட்டை அது. 2017 மே 31 விடியற்காலையில் உஸ்மான் சாலையில் அந்தப் பெரிய ஜவுளிக்கடை தீப்பிடித்தபோது, கட்டிய புடவையோடு வெளியே வந்தாராம். மறுநாளும் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, மிச்சத்தை அரசே இடித்தது. அக்கா திரும்பப் போனார். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று ஒரே வருஷத்தில் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியது ஒரு துணிக்கடைக் குடோன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மாடிவீட்டுத் தம்பி ஐ.டி.காரர். சர்வே நம்பரைப் போட்டு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தளத்தில் தேடியிருக்கிறார். முன்பக்க மனை வணிகப் பயன்பாடு. கோடி வீட்டு மனை முதன்மைக் குடியிருப்பு. 2008ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அப்படித்தான் குறித்திருக்கிறது. அதை வணிகமாக மாற்றக் கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. பத்திரிகையில் அறிவிப்பும் வந்துவிட்டது, பொடி எழுத்தில், கல்யாண விளம்பரங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில். ஆட்சேபணை சொல்ல இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. யாராவது அந்தப் பக்கத்தைப் படிப்பார்களா? நான் பஜ்ஜி எண்ணெய் வடிக்கத்தான் எடுப்பேன்.

மனு எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கப் போனேன். மூலைக்கடை அண்ணாச்சிதான் முதலில் போடுவார் என்று நினைத்தேன். அவருக்குத்தானே நேரடி நஷ்டம். பேனாவைக் கையில் வாங்கினார், யோசித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நான் போட்டா, மளிகைக்கடைக்காரன் வயித்தெரிச்சல்ல போட்டான்னு சொல்லி உங்க மனுவையே தள்ளிடுவான்மா. நீங்க வீட்டுக்காரங்களா போடுங்க, அதான் நிக்கும்."

அவர் சொன்னது சரிதான். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "2012ல சில்லறை வியாபாரத்துல அந்நிய முதலீடு வருதுன்னு கடையடைப்பு பண்ணினாங்களே, அன்னிக்கு நானும் ஷட்டரை இறக்கினேன். வெள்ளைக்காரன் வருவான்னு பயந்தேன். கடைசியில வந்தவன் நம்மூர்க்காரன்."

கோடி வீடு போக மீதிப் பதினாறு வீட்டில் பதினான்கு கையெழுத்து கிடைத்தது. அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி: அனுமதி கொடுத்த வரைபடத்தின் நகல் வேண்டும்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. சுவர் இடித்த இடத்தில் தகரக் கேட் மாட்டிவிட்டார்கள். அகலம் பதினான்கு அடி, நீல நிறம். நாள் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறார்கள், கேட்டுக்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்திருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று சண்டை, எங்களுக்குள்ளேயே.

மனுவில் "குடியிருப்புப் பகுதியின் விதிகளை மீறி" என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடாத இரண்டு வீட்டில் ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "மேடம், உங்க சிட்அவுட் காம்பவுண்டை ஒட்டி நிக்குதே, அது எந்த விதி?" எனக்கு முகம் சுண்டிவிட்டது. உண்மைதான். மாமனார் காலத்தில் பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டியது. மாமாவின் கார் ஷெட்டும் அதே கதை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

மாமா மட்டும் கோபப்படவில்லை. இந்த ஊரில் விதி எப்படி இளகியது என்று சொன்னார். 1998ல், அதுவரை மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்று 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒரே ஒரு தடவைதான் என்ற கணக்கில் உச்ச நீதிமன்றமும் 2000ல் அதை ஏற்றது. ஆனால் கெடு தேதி வருஷா வருஷம் தள்ளிக்கொண்டே போனது. 2006ல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012ல் அதே வேலைக்கு வேறொரு பிரிவு வந்தது. "நாம சிட்அவுட்டுக்குப் பணம் கட்டினோம், அவன் மாடிக்குப் பணம் கட்டினான். ரெண்டு பேருமே அந்த க்யூவுல நின்னவங்கதான்" என்றார்.

"அப்ப எதுக்கு சார் எதிர்க்கணும்?"

"உன் சிட்அவுட் ராத்திரி ஒரு மணிக்கு ஹாரன் அடிக்காது."

அந்த வரியை மனுவிலிருந்து எடுத்துவிட்டு, "பின்பக்க வாயில் வேண்டாம்" என்று மட்டும் எழுதினோம். மனு ஒரே பக்கத்துக்குள் அடங்கியது.

அக்டோபர் 3, வியாழன்

ராத்திரி 1.10. தூக்கம் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன். கான்கிரீட் கலவை லாரி வந்திருக்கிறது. பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, அதனால் எல்லாம் ராத்திரியில்தான். லாரி கேட்டுக்குள் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போகிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் பீப் பீப், ஒருவன் "வா வா வா வா, போதும் போதும்" என்று கத்துவது, அப்புறம் டிரம் சுழலும் சத்தம். தம்பி போனில் ஒரு ஆப் போட்டுக் காட்டினார்: என் ஜன்னலில் 71 டெசிபல். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45க்கு மேல் போகக் கூடாது என்பது 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. போன் கணக்கு கோர்ட்டில் நிற்காது. ஆனால் என் காது நிற்கும்.

கட்டி முடித்தால் ஓய்ந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019லேயே அரசாணை வந்துவிட்டது, 2022ல் நீட்டித்தும் விட்டார்கள். ராத்திரியில் இப்போது கான்கிரீட் வருகிறது, அப்போது தக்காளி வரும்.

வேப்பமரத்தின் கிளை ஒன்று லாரியில் மாட்டி முறிந்து கிடக்கிறது. காலையில் அத்தை பார்த்தால் சாபம் கொடுப்பார்.

அக்டோபர் 16, புதன்

நேற்று முழுக்க மழை. வேளச்சேரிக்காரர்கள் மறுபடி மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டார்கள். பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர், வேறு வழியில் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன். பேஸ்மென்ட் குழி குளமாகிவிட்டது. தவளைச் சத்தம் கேட்கிறது, இருபது வருஷத்துக்கு அப்புறம்.

நவம்பர் 5, செவ்வாய்

வரைபட நகல் வந்துவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் முப்பது நாள் என்பது எழுபதை ஒட்டிப் போனது, நடுவில் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கும் அங்கிருந்து திரும்ப இங்கேயும் அனுப்பினார்கள். போகட்டும்.

டைனிங் டேபிளில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்தோம். மாமா பூதக்கண்ணாடியோடு குனிந்தார். முன்பக்கம் உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, பேஸ்மென்ட் பார்க்கிங், லோடு இறக்கும் இடம், எல்லாம் மெயின் ரோட்டுப் பக்கமே இருக்கிறது. பின்பக்கம் ஒரே ஒரு கோடு. கேட் இல்லை. கோடி வீட்டு மனை இந்த வரைபடத்துக்குள்ளேயே வரவில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேப்பர்ல முதுகே இல்லை" என்றார்.

கட்டடம் முடிந்ததும் நிறைவுச் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் இவ்வளவு பெரிய கடைக்கு நிரந்தர கரன்ட் கிடைக்காது. வரைபடத்தில் இல்லாத கேட்டோடு போய் அந்தச் சான்று கேட்பது கஷ்டம். புகாரோடு வரைபட நகலும் கேட்டின் போட்டோவும் வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரை ஏறிவிட்டது. நேற்று விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். இங்கே குடியிருப்பவர்களுக்கு விமானம் ஒரு கடிகாரம் மாதிரி, தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். நேற்று மழைச் சத்தம் மட்டும்தான். அந்த அமைதியில் குழியிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டார் நன்றாகக் கேட்டது. ஹோஸை எங்கே விட்டிருக்கிறார்கள் என்று குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு அடியில், எங்கள் தெருவில். செம்மண் கலந்த தண்ணீர் மாமா வீட்டுப் படி வரை ஏறியிருந்தது.

வாட்ச்மேன் பாவம், ஒரிசாக்காரப் பையன், நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் என்ன சண்டை போடுவது? காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹோஸை மெயின் ரோட்டு வடிகாலுக்கு மாற்றிவிட்டான்.

டிசம்பர் 15, ஞாயிறு

கடை சார்பில் ஒரு இளைஞர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஸ்வீட் பாக்ஸ். ஆய்வுக்கு ஆட்கள் வந்து போனதும் நோட்டீஸ் வந்ததும் அவர் சொல்லித்தான் தெரியும். "கேட்டை மூடிடறோம் ஆன்ட்டி. ஒரு தப்பும் நடக்காது." அப்புறம் தெருக்காரர்களுக்கு மட்டும் தள்ளுபடி கார்டு தருவதாகச் சொன்னார். எழுத்தில் கொடுங்கள் என்று மாமா கேட்டார். கார்டையா என்றார் அவர்.

இரண்டு வீட்டில் கார்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நம்பர் அக்காவின் பெண் அங்கே வேலைக்கு மனு போட்டிருக்கிறாள், பில்லிங் கவுன்டருக்கு. மனுவில் கையெழுத்துப் போட்ட குடும்பம்தான். அக்கா தயங்கித் தயங்கி என்னிடம் வந்து சொன்னார். இதில் தப்பு என்ன இருக்கிறது? 2021லேயே கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது, கொடுக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

கேட்டை மூடிவிட்டார்கள். சுவர் எழுப்பவில்லை, கேட்டையே சாத்தி வைத்திருக்கிறார்கள். மாமா கிட்டப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். வெல்டிங் இல்லை. எங்கள் பக்கம் பூட்டும் இல்லை, கொக்கியும் இல்லை. தாழ்ப்பாள் உள்பக்கம்.

சாயங்காலம் பிள்ளைகள் சாக்பீஸால் நீலத் தகரத்தில் மூன்று கோடு போட்டார்கள். முதல் பந்திலேயே டங் என்று தெருவே அதிர்ந்தது. உள்ளிருந்து வாட்ச்மேன் இந்தியில் ஏதோ கத்தினான். "என்னடா சத்தம் அது!" என்று அத்தையும் வாசலுக்கு வந்துவிட்டார். பின்வீட்டுப் பையன் இன்னொரு ஓவர்தான் பாட்டி என்றான். இன்னும் பதினொன்று டங் கேட்டது.