தேதிகள் தீர்மானித்த வழக்குகள்

புகலிடம் கோரி வருவோரைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நடக்கும் அரசியல் விவாதம் பெரும்பாலும் கடலில் தொடங்கிக் கடலிலேயே முடிந்துவிடுகிறது. படகுகளைத் தடுக்க வேண்டுமா, அனுமதிக்க வேண்டுமா என்பதற்கு மேல் அது போவதில்லை. நான் பல ஆண்டுகள் வேலை செய்த இடம் ஓர் இலவசச் சட்ட உதவி மையம். நான் வழக்கறிஞர் அல்ல. இலங்கையிலிருந்து படகில் வந்த தமிழர்களிடம் பேசி, அவர்களுடைய வாக்குமூலத்தை ஒழுங்குபடுத்தி, ஆவணங்களைச் சேர்த்து, விண்ணப்பத்தை வழக்கறிஞர் பார்வையிடும் நிலைக்குக் கொண்டுவருவது என் பொறுப்பு. வெளியில் யாரைச் சந்தித்தாலும், “இவர்களெல்லாம் உண்மையான அகதிகள்தானா?” என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் மேசைக்கு வரும் ஒரு கோப்பின் போக்கை முதலில் தீர்மானித்தது அந்தக் கேள்வி அன்று. வந்தவர் எந்தத் தேதியில் கரையேறினார் என்பதுதான்.

2012 ஆகஸ்ட் 13-க்கு முன்பு வந்தவருக்கு ஒரு விதி. அன்று தொடங்கி 2014 ஜனவரி 1-க்கு முன்பு வரை வந்தவருக்கு வேறு விதி. இடையில் 2013 ஜூலை 19 அன்று பிரதமர் கெவின் ரட், இனிப் படகில் வரும் எவரும் அகதி என்று ஏற்கப்பட்டாலும் ஆஸ்திரேலியாவில் குடியமர்த்தப்பட மாட்டார்கள் என்று அறிவித்தார்; அதற்குப் பின் வந்தவர்களுக்கு ஆஸ்திரேலியா வெளிநாட்டில் வைத்திருந்த தடுப்பு முகாம்கள், நவுருவும் பப்புவா நியூகினியின் மனுஸ் தீவும், காத்திருந்தன. இந்தத் தேதிகளில் எதுவும் இலங்கையில் நடந்த எதையும் சார்ந்தது அல்ல. கன்பராவில் ஒரு குழு அறிக்கை கொடுத்த நாளும், ஒரு தேர்தலை எதிர்நோக்கிப் பிரதமர் பேசிய நாளும்தான் அவை. ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே காரணத்துக்காகத் தேடப்பட்ட இருவரில், 2012-இன் தொடக்கத்தில் வந்தவருக்கு 2013 தேர்தலுக்கு முன்பே நிரந்தர விசா கிடைத்து, பின்னாளில் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. அதே ஆண்டின் கடைசியில் வந்தவர் வேலை செய்யும் உரிமைகூட இல்லாத இடைக்கால ‘பிரிட்ஜிங்’ விசாவோடு அடுத்த பல ஆண்டுகளைக் கழித்தார். இருவருடைய கதைகளையும் படித்த எனக்கு, இரண்டாமவருடையதே வலுவானதாகத் தெரிந்தது.

பின்னால் வந்தவர்கள் தாங்களாகவே விண்ணப்பம் போட்டுவிட முடியாது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. குடிவரவுச் சட்டம் அவர்களுக்கு ஒரு தடையை வைத்திருந்தது. அமைச்சர் அந்தத் தடையை நீக்கிக் கடிதம் அனுப்பிய பின்னரே விண்ணப்பிக்கலாம். 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் நிரந்தரப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, மூன்று ஆண்டுத் தற்காலிக விசாவையும் ‘ஷெவ்’ என்ற ஐந்து ஆண்டுத் தற்காலிக விசாவையும் கொண்டுவந்தது. அதன் பிறகே கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதற்கு முன்பே, 2014 மார்ச் இறுதியோடு, விசா இல்லாமல் வந்தவர்களுக்கு அரசு கொடுத்துவந்த சட்ட உதவி பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆக, விண்ணப்பிக்க அனுமதி வந்த நேரத்தில் உதவி செய்ய ஆள் இல்லை. ஆங்கிலத்தில் நீண்டு கிடக்கும் அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மக்கள் எங்களைப் போன்ற மையங்களுக்கு வந்தார்கள். காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனது. சட்டக் கல்லூரி மாணவர்களும், பகலில் பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்த இளம் வழக்கறிஞர்களும் மாலையில் வந்து உதவினார்கள்.

அந்த நிலையில்தான் 2017 மே மாதம் குடிவரவு அமைச்சர் பீட்டர் டட்டன், அக்டோபர் 1-க்குள் விண்ணப்பிக்காதவர்களுக்கு இனி வாய்ப்பில்லை என்று அறிவித்தார். அப்போது விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள் சுமார் 7,500 பேர். அவர்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள், மக்களின் வரிப்பணத்தில் வாழ்கிறார்கள் என்ற தொனி அந்த அறிவிப்பில் வெளிப்படையாக இருந்தது. எங்கள் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள் அதைத் தொலைக்காட்சியில் கேட்டார்கள். முதலில் விண்ணப்பிக்கவே விடாமல் தடுத்து, பிறகு உதவியை நிறுத்தி, கடைசியில் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்பது கொள்கையாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. நாடாளுமன்றத்தில் அதைக் கொள்கை என்றுதான் சொன்னார்கள்.

வாக்குமூலம் எழுதும் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் விவாதத்தில் இரு பக்கத்தாரும் மிகக் குறைவாக அறிந்திருப்பது அதைத்தான். படகில் வந்தவர்களிடம் கரையேறிய சில நாள்களிலோ வாரங்களிலோ ஒரு நேர்காணல் நடந்திருக்கும். பெயர், பிறந்த இடம், படகுக்கு யாரிடம் பணம் கொடுத்தார் என்பவற்றோடு, நாட்டை விட்டு ஏன் வந்தீர்கள் என்ற கேள்வியும் இருக்கும். கடலில் பல நாள் கிடந்து, தூக்கமில்லாமல், எதிரில் இருப்பவர் யார் என்பதே விளங்காத நிலையில் சொன்ன பதில் சில வரிகளாகவே பதிவாகியிருக்கும். “கனக்கக் கதைக்க வேண்டாம், பிறகு வடிவா கேப்பம் எண்டு சொன்னவை அக்கா” என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். அந்தப் ‘பிறகு’ வருவதற்குச் சிலருக்கு நான்கு ஆண்டுகளானது. அப்போது விரிவாகச் சொன்னால், முதல் நேர்காணலில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்பார். மறுப்புத் தீர்ப்புகளில் நான் அடிக்கடி கண்ட காரணம் அதுதான். பின்னர் சொன்னது முன்னர் சொன்னதிலிருந்து வேறுபடுகிறது. ஆகவே பின்னர் சொன்னது புனையப்பட்டது என்று எழுதியிருப்பார்கள்.

சொல்லாமல் விட்டதற்குப் பல சமயம் மிகத் தெளிவான காரணம் இருந்தது. போரின் கடைசிக் காலத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, பிறகு இராணுவத்திடம் சரணடைந்து, புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வந்த காலத்தில், அகதிகள் என்று ஏற்கப்பட்ட பிறகும் ஆஸ்திரேலிய உளவுத்துறையின் பாதகமான பாதுகாப்பு மதிப்பீட்டால் கால வரையறையில்லாமல் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தவர்கள் ஐம்பது பேரளவில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள். அந்தச் செய்தி முகாம்களில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இயக்கம் என்ற சொல்லை வாயில் எடுக்காதே என்று முன்னால் வந்தவர்கள் சொல்லிக் கொடுத்ததில் என்ன வியப்பு? தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மையை அவர் மறைத்தது, அந்த உண்மை தன்னை நிரந்தரமாகச் சிறைப்படுத்திவிடும் என்ற நியாயமான பயத்தால். இதை விண்ணப்பத்தில் விளக்கிவிட முடியும். விளக்க ஆள் இருந்தால்.

இன்னொன்று, காலவரிசை. படிவம் நாள், மாதம், ஆண்டு கேட்கும். வன்னியில் பத்து முறை இடம்பெயர்ந்தவருக்கு 2008 ஜூனில் எங்கிருந்தார் என்பது நினைவில் இருக்காது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை பூட்டிய பிறகா, கிளிநொச்சி விழுவதற்கு முன்பா, மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்ததா என்று கேட்டால் பதில் தடையில்லாமல் வரும். நான் ஒரு பெரிய தாளின் இடப்பக்கத்தில் எல்லோரும் அறிந்த நிகழ்வுகளை வரிசையாக எழுதிக்கொள்வேன்: 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2006 ஆகஸ்டில் பாதை பூட்டியது, 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தது, மே மாதத்தில் போர் முடிந்தது, அதன்பின் மக்கள் அடைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம். வலப்பக்கத்தில் அவர் சொல்வதைப் பொருத்துவோம். ஒரு நல்ல அமர்வில் பாதி வாழ்க்கை அந்தத் தாளில் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். இதற்குச் சட்ட அறிவு அதிகம் வேண்டியதில்லை; நேரம் வேண்டும், அவசரப்படாத காது வேண்டும். இந்த விண்ணப்பங்களுக்கென்றே ‘ஃபாஸ்ட் டிராக்’, அதாவது துரித நடைமுறை, என்று பெயர் வைத்த ஓர் ஏற்பாட்டில் இந்த இரண்டும்தான் முதலில் வெட்டப்பட்டன.

அந்த ‘ஃபாஸ்ட் டிராக்’ நடைமுறையில் மறுக்கப்பட்டவர்களின் கோப்பு குடிவரவு மதிப்பீட்டு ஆணையத்துக்குப் போகும். ஆணையம் பொதுவாக விண்ணப்பதாரரை நேரில் பார்க்காது. காகிதத்தில் இருப்பதை வைத்தே முடிவு செய்யும். புதிய தகவலை விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மட்டுமே பார்க்கும். அதற்குப் பிறகு நீதிமன்றம்; ஆனால் நீதிமன்றம் ஒருவர் அகதியா என்று பார்க்காது, முடிவெடுத்த முறையில் சட்டப் பிழை இருந்ததா என்று மட்டும் பார்க்கும். அந்த வரிசையில் மக்கள் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். தொடக்கத்தில் ஒரு வழக்கறிஞரின் சில மணி நேரத்தை மிச்சப்படுத்தியதற்குப் பின்னால் நீதிமன்றங்கள் கொடுத்த விலையை யாராவது கணக்கிட்டால், சிக்கனத்தை விரும்புவோரே இந்த நடைமுறையை எதிர்த்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

எல்லோரும் உண்மையையே சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஏஜென்ட் சொல்லிக் கொடுத்த கதையோடு வந்தவர்கள் இருந்தார்கள். தனக்கு நடந்தது போதாது என்று நினைத்து, வேறொருவருக்கு நடந்ததையும் சேர்த்துக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். விசித்திரம் என்னவென்றால், அவர்களில் சிலருடைய சொந்தக் கதையே சட்டப்படி வலுவானதாக இருக்கும், இரவல் பகுதிதான் அதைக் கெடுக்கும். வேலை தேடி மட்டுமே வந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் அகதி விசாவுக்கு இதில் இடமில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறோம். அகதிகளுக்கு ஆதரவாகப் பேசும் நண்பர்கள் இதைக் கேட்க விரும்ப மாட்டார்கள். எதிர்த்துப் பேசுவோர் இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவார்கள். நல்ல விசாரணை இரண்டையும் பிரித்துக் காட்டும். விசாரணையைச் சுருக்கினால் பொய் சொல்பவனைவிட, திக்கிப் பேசும் உண்மைக்காரனே முதலில் அகப்படுவான்.

கடலைப் பற்றிய வாதத்தையும் நான் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. 2010 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவின் பாறைகளில் மோதி உடைந்த படகில் 50 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுகளில் அந்தக் கடலில் மாண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். படகில் வந்த எங்கள் வாடிக்கையாளர்களிலேயே, இனி யாரும் இப்படி வரக் கூடாது, என் தம்பி கேட்டாலும் வராதே என்றுதான் சொல்வேன் என்றவர்கள் இருந்தார்கள். 2013 செப்டம்பருக்குப் பிறகு டோனி அபட் அரசு படகுகளைத் திருப்பி அனுப்பியதால் வரவு ஏறக்குறைய நின்றுபோனது என்பதும் உண்மை. ஆனால் அதற்கும், ஏற்கெனவே வந்து உள்ளே இருந்த சுமார் 30,000 பேரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கும் என்ன தொடர்பு? கடலில் தடுப்பது ஒரு கொள்கை. கரையில் இருப்பவரைப் பத்தாண்டுகள் தொங்கவிடுவது இன்னொன்று. இரண்டும் ஒன்றே போலப் பேசப்பட்டதுதான் இந்த விவாதத்தின் பெரிய கோளாறு. அது ஒரு கட்சியின் கோளாறும் அன்று. கட்டாயத் தடுப்புக் காவலை 1992-இல் சட்டமாக்கியது தொழிற்கட்சி. 2001-இல் டம்பா கப்பல் மீட்டு வந்த 433 பேரைக் கரையேற விடாதது ஜான் ஹவர்டின் லிபரல் கூட்டணி. 2012-இல் நவுருவை மீண்டும் திறந்தது தொழிற்கட்சி.

விமானத்தில் முறையான விசாவோடு வந்து இறங்கிப் புகலிடம் கேட்பவர்களைப் பற்றி இவ்வளவு சத்தம் எழுந்ததில்லை. 2017–18 நிதியாண்டில் மட்டும் அப்படி ஏறத்தாழ 28,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் அகதி என்று ஏற்கப்பட்டவருக்கு நிரந்தர விசாதான். இப்போது விவாதம் வீட்டு வாடகை, நெரிசல் என்று திரும்பியிருக்கிறது. 2022–23-இல் நிகரக் குடிவரவு 5 லட்சத்தைத் தாண்டியது. அதில் மாணவர்களும் தற்காலிகத் தொழிலாளர்களும்தான் பெரும்பகுதி. அகதிகளுக்கான மனிதாபிமான இடங்கள் 2023–24 முதல் ஆண்டுக்கு 20,000. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவோரில், திறன் விசாவில் வந்து வீடு வாங்கிய நம்மவர்களும் உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். “நாங்க முறைப்படி வந்தோம்” என்பார்கள். தேடப்படுகிற ஒருவருக்கு எந்தத் தூதரகம் எந்த விசாவைக் கொடுத்திருக்கும் என்று நான் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

2023 பிப்ரவரியில், தற்காலிக விசா வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. அந்த மாதங்களில் எங்கள் தொலைபேசி ஓயவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பார்க்காத மனைவியை அழைக்க இனி எந்தப் படிவம் என்று கேட்டவர்களின் குரல்களை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. ஆனால் துரித நடைமுறையில் மறுக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. 2024 அக்டோபரில் குடிவரவு மதிப்பீட்டு ஆணையமே கலைக்கப்பட்டது. அந்த நடைமுறை நியாயமானது அல்ல என்று, அதைக் கலைத்த தொழிற்கட்சியே முன்பு சொல்லியிருந்தது. ஆணையம் போனது, அது கொடுத்த முடிவுகள் அப்படியே நிற்கின்றன. அந்த முடிவுகளைச் சுமந்தவர்கள் ஆறு மாதம், ஓராண்டு என்று பிரிட்ஜிங் விசாவைப் புதுப்பித்துக்கொண்டு தொழிற்சாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணத்தைப் பார்த்து நிற்கிறார்கள்.

தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர்கள் எங்கள் சமூகக் கூட்டங்களுக்கு வருவார்கள். நான் அவர்களிடம் படகுகளைப் பற்றிக் கேட்பதில்லை. நீங்களே நியாயமற்றது என்று சொல்லிக் கலைத்த நடைமுறையில் மறுக்கப்பட்டவர்களின் கோப்புகளை மறுபடி திறப்பீர்களா என்று மட்டும் கேட்பேன். ஒவ்வொரு வழக்காக அமைச்சர் பரிசீலிப்பார் என்பது வழக்கமான பதில். அமைச்சர் தலையிடும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோளைப் பார்த்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.