கோச் டேப் கொடுத்த நாள்

எதிராளியைப் பிடித்துப் பூட்டிப் பணியவைக்கும் தற்காப்புக் கலையான ஜியு-ஜிட்சுவைச் சொல்லிக்கொடுப்பது இன்று என் முழுநேர வேலை. புதிதாக வரும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது என் இரண்டாவது வாரம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்போது என் எடை 86 கிலோ. பல வருடம் ஜிம்மில் எடை தூக்கிய உடம்பு. அன்று ஸ்பாரிங் என்ற பயிற்சி மோதலில் எனக்கு ஜோடியாக வந்தவர் நீல பெல்ட் கட்டிய ஒரு பெண், 55 கிலோவைத் தாண்டமாட்டார். (பெல்ட்டின் வரிசை வெள்ளை, நீலம், பர்ப்பிள், பிரவுன், கருப்பு.) அழுத்திப் பிடித்தால் வலிக்குமோ என்று எனக்குத் தயக்கம். அவர் மல்லாந்து படுத்து, கால்களால் என் இடுப்பைச் சுற்றிக்கொண்டார். அதிலிருந்து விடுபட, ஒரு கையை அவர் தொடைக்கு அடியில் நுழைத்தேன். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. அவர் காத்திருந்ததே அதற்குத்தான். ஒரு கால் என் கழுத்தின் மேல் விழுந்தது, அந்தக் கணுக்கால் இன்னொரு காலின் முழங்கால் மடிப்புக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

இந்தப் பிடிக்கு ட்ரையாங்கிள் சோக் என்று பெயர். இதில் மூச்சு அடைபடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அடைபடுவது மூளைக்குப் போகும் ரத்தம். கழுத்தின் ஒரு பக்கத்தை எதிராளியின் தொடை அழுத்தும், மறுபக்கத்தை நம் சொந்தத் தோளே அழுத்தும். பலமாகத் தள்ளத் தள்ள எனக்கு இன்னும் இறுகியது. காதுக்குள் இரைச்சல், தரையில் விரித்திருந்த மேட்டின் நிறம் வெளிறத் தொடங்கியது. அவர் காலில் இரண்டு தட்டு தட்டினேன். 'தோற்றுவிட்டேன், விடு' என்று சொல்லும் 'டேப்' அதுதான். உடனே விட்டார்.

"அண்ணா, முதல்ல தலையை நிமிர்த்துங்க. நீங்க குனிஞ்சா என் வேலை பாதி முடிஞ்சது" என்றார். இன்றும் புதியவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது இதைத்தான்.

1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி-யில் (பல சண்டைக் கலைஞர்கள் மோதும் போட்டி), ஏறக்குறைய 80 கிலோ எடையுள்ள ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேஸி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். அடுத்த ஆண்டு டிசம்பரில், தன்னைவிட 30 கிலோவுக்கும் மேல் கனமான மல்யுத்த வீரர் டேன் செவர்னுக்குக் கீழே கால் மணி நேரம் கிடந்து, கடைசியில் இதே ட்ரையாங்கிளில் டேப் வாங்கினார். இதையெல்லாம் முன்பே படித்திருந்தேன். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் கீழே கிடந்தவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது, என் கழுத்தில் அந்தப் பூட்டு விழுந்த பிறகுதான் புரிந்தது.

இரண்டு வருடம் கழித்து நீல பெல்ட் வாங்கினேன். அப்புறம் நடந்ததைச் சொல்ல இன்றும் மனசு கொஞ்சம் கனக்கிறது. சேர்ந்து நான்கு மாதமே ஆன ஒரு வெள்ளை பெல்ட் பையன், ஐந்தாவது ரவுண்டில் என்னை கில்லட்டினில் மாட்டினான், அதாவது முன்பக்கமிருந்து கழுத்தைக் கையால் சுற்றி நெரிக்கும் பிடியில். அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரு பிடிதான், ஆனால் அதைத் தினமும் வகுப்பு முடிந்த பிறகும் பழகியிருந்தான். டேப் கொடுத்து எழுந்ததும், சுற்றி இருந்தவர்கள் காதில் விழும்படி "தோள்ல வலி" என்றேன். எனக்குத் தோளில் எந்த வலியும் இல்லை. அவன் முகம் சுருங்கியது. "சாரிண்ணா" என்றான். ஜெயித்தவன் மன்னிப்புக் கேட்டான். அதற்குப் பிறகு என்னோடு ரோல் (ஸ்பாரிங்) செய்யும்போதெல்லாம் கழுத்துக்கு வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொள்வான்.

சில வாரம் கழித்து, வகுப்பு நிறைய ஆள் இருக்கும்போது, எங்கள் கோச்சை ஒரு பர்ப்பிள் பெல்ட் மாணவர் ஆர்ம்பாரில், அதாவது முழங்கையை நீட்டி மடக்கும் பூட்டில், பிடித்தார். கோச் கருப்பு பெல்ட் வாங்கியே பல வருடம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி மேட்டில் தட்டினார். எழுந்து உட்கார்ந்தவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "எல்லாரும் இங்க வாங்க. இவர் என் கையை எப்படி எடுத்தார்னு பாருங்க" என்று அந்த மாணவரை மூன்று முறை செய்துகாட்ட வைத்தார், மூன்று முறையும் தானே கையைக் கொடுத்தார்.

கோச் அன்று எங்களுக்கு ஜியு-ஜிட்சு வீரர் எடி பிராவோவின் கதையைச் சொன்னார். 2003-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் நடந்த ஏடிசிசி என்ற உலக அளவிலான பிடிச்சண்டைப் போட்டியில், பிரவுன் பெல்ட்டாக இருந்த பிராவோ, அதில் மூன்று முறை பட்டம் வென்ற ராய்லர் கிரேஸியை ட்ரையாங்கிளில் டேப் கொடுக்க வைத்தார். ஊர் திரும்பியதும் அவருடைய குரு ஜான் ஜாக் மச்சாடோ கருப்பு பெல்ட் கொடுத்தார். கதை பிடித்திருந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பையனை. அவன் கோச்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்பு முடிந்ததும் அவனிடம் போனேன். தோளில் வலி இல்லை என்று உண்மையைச் சொன்னேன். கில்லட்டினைக் கற்றுக்கொடுக்கச் சொன்னேன். சதையால் அழுத்தக் கூடாது, மணிக்கட்டு எலும்பு கழுத்தடியில் பதிய வேண்டும், முழங்கையை மேலே தூக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பொறுமையாகக் காட்டினான். இன்றும் நான் கில்லட்டின் சொல்லிக்கொடுப்பது அப்படித்தான்.

போன மாதம், சேர்ந்து ஒரு வருடம் ஆன ஒரு மாணவி, கழுத்தை நெரிக்க என் காலரை இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்தார். முதல் கை ஆழமாகப் போனதை நான் கவனிக்கவில்லை. இரண்டாவது கை வந்ததும் தப்பிக்க இடமில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி தட்டினேன். அவர் பதறிப்போய் "சாரி மாஸ்டர்" என்றார்.

"சாரி எதுக்கும்மா? நீ முதல் கையை எப்படி உள்ளே கொண்டுபோனேன்னு இவங்களுக்குக் காட்டு" என்று சொல்லிக் காலரைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.