முதலில் அளவுகோடு, பிறகுதான் காளான்

தொல்லியல் அறிவியல் பாடத்தின் முடிவு வந்துவிட்டது: ஏ மைனஸ். நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்து விடை எழுதும் தேர்வு காப்பாற்றியது. கட்டுரைக்கு மதிப்பெண் போட்டவர்தான் கையைச் சுருக்கிக்கொண்டார். அடுத்த பருவத்தில் தொல்லியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்கு, பழங்கால மருத்துவக் காளான் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மகரந்தத்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

படம் திரையில் வந்ததும் மூலையில் இருக்கும் அளவுகோட்டைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் காளானின் அடிப்புறத் துளைகள். பத்து மைக்ரோமீட்டர் என்றால் வித்துகள் (காளான் இனப்பெருக்கம் செய்யும் ஸ்போர்கள்) அல்லது பூஞ்சை இழைகள். துளையும் வித்தும் உருண்டையாகத்தான் தெரியும். கோட்டைப் பார்க்காதவர் துளைக்கு வித்து என்று எழுதிவிட்டு வருவார். நான் இனப்பெயர்களைத் தொடுவதற்கு முன் இதை மட்டுமே பழகினேன்.

கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. சைனாடவுன் மருந்துக்கடையில் வெட்டாத லிங்ஸி (சீன மருத்துவக் காளான்) ஒன்று வாங்கி, பெருவிரைவு ரயிலில் உட்கார்ந்தே கைலென்ஸால் துளைகளை எண்ணினேன். பக்கத்தில் இருந்த பாட்டி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். போகட்டும். லிங்ஸி வித்தின் ஒரு முனை வெட்டினாற்போல இருக்கும். உடைந்த வித்தில் இரட்டைச் சுவரும் நடுவே தூண்களும் தெரியும். சீனாவின் ஜெஜியாங்கில் கிடைத்த, ஏறத்தாழ 6,800 ஆண்டுப் பழைய லிங்ஸியைக் கேட்டால் இதை எழுதுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் கறுப்பு வெள்ளைதான். வண்ணம் பிறகு சேர்த்தது.
- எந்தச் சோதனை முதலில் என்று கேட்டால் மைக்ரோ சிடி, அதாவது நுண்ணிய எக்ஸ்ரே ஸ்கேன். பொருளை வெட்டாமல் உள்ளே காட்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்காகத் துணுக்கை எடுத்துப் பொன் பூசுவது அதற்குப் பிறகு.
- துளைகளின் எண்ணிக்கையை ஒரு மில்லிமீட்டருக்கு இத்தனை என்று எழுதுங்கள்.

கட்டுரையில் கட்டாயம் பனிமனிதன் ஓட்சி வருவார். 1991இல் ஆல்ப்ஸ் மலையில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுப் பழைய உடல். அவரிடம் இரண்டு வகைக் காளான்கள் இருந்தன. பையில் இருந்தது தீ மூட்டுவதற்கானது. அதில் தீப்பொறி எழுப்பும் கனிமமான பைரைட்டின் துகள்கள் ஒட்டியிருந்தன. தோல்வாரில் கோத்திருந்தது பிர்ச் மரக்காளான். அவர் குடலில் சாட்டைப்புழு முட்டைகள் இருந்ததால் அது மருந்தாக இருக்கலாம் என்று 1998இல் ஒரு கருத்து எழுந்தது. நுண்ணோக்கி இனத்தைத்தான் சொல்லும். எதற்காக வைத்திருந்தார் என்பதைப் புழுமுட்டையையும் தோல்வாரையும் கொண்டுதான் வாதாட வேண்டும். மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது. நான் இதை எழுதியும் ஆதாரம் போதாது என்று குறித்துவிட்டார்கள். எனவே ஆண்டுகளை விடாமல் போடுங்கள்.