கிரெச்சோ குடிலுக்கு அம்மா கொடுத்தனுப்பிய வைக்கோல்

என் மகளுக்குப் பிரசவ வலி எடுத்து ஒரு முழு இரவும் பகலும் கடந்தும் குழந்தை இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மா ஜெபப் புத்தகத்தைத் திறந்து, எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் எடுத்து வைத்திருந்த வைக்கோல் இழை ஒன்றை என்னிடம் நீட்டினார். "இதை அவ தலைமாட்டுல வச்சுட்டு வா" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "அசிசியாரே, ரெண்டு உயிரும் வேற வேறயாப் பிரிஞ்சு வரட்டும். நீர் குடில் வச்ச இடத்துக்கே இதைக் கொண்டுவந்து சேர்க்கிறோம்" என்று அசிசி நகர்ப் புனித பிரான்சிஸிடம் நேர்ந்துகொண்டார். விடியுமுன் பேரன் பிறந்தான்.

அவர் குடில் வைத்த இடம் இத்தாலியில் உள்ள கிரெச்சோ மலை. அம்மாவின் மூட்டுவலியோடு அங்கே போக முடியாது. நேர்ச்சையைச் செலுத்த நான்தான் புறப்பட்டேன்.

ரோமிலிருந்து ரியேட்டி வரை பேருந்து. அங்கிருந்து டாக்சி. ஏறும்போது பேசிய கூலி ஒன்று, இறங்கும்போது கேட்டது வேறொன்று. பாஷை தெரியாத ஊரில் என்ன செய்ய? கொடுத்துவிட்டு இறங்கினேன், மனசு ஆறவில்லை. ஆனால் அண்ணாந்து பார்த்ததும் அது மறந்துபோனது. செங்குத்தான பாறையில் தூக்கணாங்குருவிக் கூடு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது அசிசியார் குடில் வைத்த மடம்.

கிரெச்சோ சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். மடம் ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி இருக்கிறது. அசிசியாருக்கு இந்த ஏழை ஜனங்கள்மேல் தனிப் பிரியம். சாயங்காலம் அவர் சபைத் துறவிகளான சகோதரர்கள் மடத்தில் இறைவனைப் புகழ்ந்து பாடினால், ஊரில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் தெருவுக்கு வந்து நின்று, "ஆண்டவருக்கே புகழ்" என்று பதில் சொல்வார்களாம். மழலை பேசும் பிள்ளைகளும் சொல்லுமாம். அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றபோது எனக்கும் சொல்லத் தோன்றியது. சத்தமாகவே சொன்னேன்.

1223 கிறிஸ்து பிறப்பு இரவுக்குப் பதினைந்து நாள் முன்பே, இந்த ஊர்ப் பிரபு ஜொவான்னியை அழைத்து, தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் ஏற்பாடு செய்யச் சொன்னார் அசிசியார். சுற்றுவட்டார ஜனங்கள் தீப்பந்தம் ஏந்தி மலையேறி வந்தார்கள். குருவுக்கு அடுத்த படியிலுள்ள திருத்தொண்டராக அவரே நற்செய்தியைப் பாடினார். "பெத்லகேம்" என்று சொல்லும்போது ஆட்டுக்குட்டி கத்துவது போல இருந்ததாம். இயேசுவின் பெயரைச் சொன்னதும் தித்திப்பைச் சுவைப்பது போல உதட்டை நாவால் தடவிக்கொள்வாராம். அந்தத் தொட்டியின் வைக்கோலை எடுத்துவைத்து, பிரசவம் கஷ்டமான பெண்கள்மேல் வைத்தார்கள், சுகப்பிரசவம் ஆயிற்று என்று அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமாவே குறித்திருக்கிறார். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் கேட்டதைத்தான் அம்மா அத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தார்.

குடில் சிற்றாலயம் நம் வீட்டுப் பூஜை அறையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு சுற்றுலாக் கூட்டம் உள்ளே நின்று மாறி மாறி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. முழங்காலில் நிற்கக்கூட இடமில்லை. ஜெபிக்க வந்தவர்களுக்கு ஒரு நிமிஷம் வழிவிடக் கூடாதா என்று வருத்தமாக இருந்தது. வாசல் ஓரத்திலேயே செபமாலை சொல்லிக்கொண்டு நின்றேன். மூன்றாம் பத்து முடிவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள்.

நான் மட்டும். எதிரே தொட்டி வைத்த பாறை, அதன்மேல் பலிபீடம். சுவரோவியத்தில் ஒரு பக்கம் அசிசியார் பாலனுக்கு முன் மண்டியிட்டிருக்கிறார். மறுபக்கம் மாதா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறந்த அன்று என் மகள், முகம் வெளிறிப்போய், கண் செருக, பேரனை நெஞ்சோடு சேர்த்து முதன்முதலாகப் பால் கொடுத்தாள். அதே சாய்வு, அதே கை. அம்மா எழுதிக் கொடுத்த ஜெபம் பையில் இருந்தது, எடுக்கவே இல்லை. "தாயே, நன்றி. பாலனே, நன்றி. அசிசியாரே, நன்றி." அழுகையோடு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த வைக்கோலை எடுத்து, பலிபீடத்தின் அடியில், பாறைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "வச்சுட்டியா?" என்றார். "வச்சுட்டேம்மா." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் பேரன் ஏதோ கத்திக்கொண்டு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.