காப்பான் சாமி

செப்டம்பர் 14, 2021, செவ்வாய்

இரவில் மூன்று தடவை. விரிப்பு இரண்டு, வேட்டி மூன்று. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்காமல் இருக்க.

செப்டம்பர் 15, புதன்

இங்கே அமெரிக்காவில், கன்சாஸின் விச்சிட்டா கோயிலிலிருந்து கொண்டுவந்த அட்டையை அப்பாவிடம் காட்டினேன். ராணுவத் தொப்பி, சிரித்த முகம். யாருப்பா இது என்றார். எமில் கப்பான், நம்ம விச்சிட்டா மறைமாவட்டத்துச் சாமியார், கொரியா போர்ல செத்தவர், இந்த மாசம் எலும்பு வீட்டுக்கு வருது என்றேன்.

"காப்பானா? பேரு நல்லாருக்கே."

தமிழ் இல்லைப்பா, அவங்க செக் நாட்டுலேர்ந்து வந்த விவசாயக் குடும்பம் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. இனி அவர் காப்பான் சாமிதான்.

எழுபது வருடம் கழித்து வருகிறார். ஹவாயில், பெயர் தெரியாத வீரர்களோடு கிடந்திருக்கிறார். பல்லையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டு இந்த மார்ச்சில்தான் அடையாளம் கண்டார்கள். "பேரில்லாமலா கெடந்தார்?" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். பிறகு தூங்கவில்லை. நானும்தான்.

செப்டம்பர் 17, வெள்ளி

செபமாலை முடிந்ததும் கதை கேட்கிறார். நாற்பது வருடம் ஊரில் உபதேசியாராக இருந்து மற்றவர்களுக்குக் கதை சொன்னவர். இப்போது நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வட கொரியாவில் உன்சான் என்ற ஊரில் நடந்த கதையைச் சொன்னேன். 1950 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். அன்று இரவு சீனப்படை எட்டாவது குதிரைப்படை ரெஜிமெண்டைச் சூழ்ந்துகொண்டது. (பேருதான் குதிரைப்படை, குதிரை கிடையாது என்றதும் அப்பாவுக்கு ஏமாற்றம்.) தப்பித்துப் போகச் சொல்லியும் சாமியார் போகவில்லை. காயம்பட்டவர்கள் பதுங்குகுழியில் கிடந்தார்கள், அவர்களோடு தங்கிவிட்டார். பிடிபட்ட பிறகு வெளியே பள்ளத்தில் ஒருவர் கிடக்கிறார். ஹெர்பர்ட் மில்லர், கையெறி குண்டில் கணுக்கால் உடைந்தவர். செத்துப்போன எதிரி ஒருவனின் உடலை மேலே இழுத்துப் போட்டு மறைந்திருந்தவரை ஒரு சீனச் சிப்பாய் கண்டுபிடித்துத் தலையில் துப்பாக்கியை வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து சாமியார் நடந்து வருகிறார். துப்பாக்கியைக் கையால் ஒதுக்குகிறார். மில்லரைத் தூக்கிக்கொள்கிறார். அவ்வளவுதான். அந்தச் சிப்பாய் ஏன் சுடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய புதிர். அப்பாவுக்கு அதில் புதிரே இல்லை.

அப்புறம் வடக்கே நடைப்பயணம். மில்லர் தன்னை இறக்கிவிடச் சொல்லியிருக்கிறார். இறக்கினால் உன்னைச் சுட்டுவிடுவார்கள் என்றாராம் சாமியார்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாலு அடி. அப்பாவை அதில் தூக்கி வைப்பதற்குள் எனக்கு இடுப்பு போய்விடுகிறது.

செப்டம்பர் 18, சனி

இடது கால் இன்னும் வீங்கியிருக்கிறது. ஊசி போடும்போது அவர் மாதாவைக் கூப்பிடுகிறார், நான் என் மனைவியைக் கூப்பிடுகிறேன்.

செப்டம்பர் 20, திங்கள்

இன்றும் துணி துவைக்கும் மெஷின் நான்கு முறை ஓடியது. உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதக்கங்களைப் பற்றி ஒரு கேள்வி உறுத்துகிறது. 1950 ஆகஸ்டில் குண்டுமழைக்கு நடுவே காயப்பட்டவரை மீட்டதற்கு வெண்கல நட்சத்திரம். உன்சானுக்காக முதலில் இரண்டாம் நிலைப் பதக்கம், அதையே 2013 ஏப்ரலில் உயர்த்தி ஒபாமா கையால் மெடல் ஆஃப் ஹானர், அண்ணன் தம்பி பிள்ளை ஒருவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பாராட்டுப் பத்திரத்தில் இருக்கும் தேதி நவம்பர் 1, 2 மட்டும். இரண்டே நாள்.

முகாமில் அதற்குப் பிறகு ஆறு மாதம் உயிரோடு இருந்திருக்கிறார். யாலு நதிக்கரை, பியோக்டாங், ஐந்தாம் எண் முகாம். 1953ல் விடுதலையாகி வந்தவர்கள் சொன்னதெல்லாம் அந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான். கூரைத் தகரத்தைக் கல்லால் தட்டித் தட்டிச் சட்டியாக்கினார். பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சினார். சீதபேதிக்காரர்களின் துணியைத் துவைத்தார். எழ முடியாதவர்களைக் கழுவிவிட்டார். பேன் பார்த்தார்.

தகரச் சட்டி. அதை எப்படி ஓட்டையில்லாமல் தட்டியிருப்பார்? மூலையை மடித்தா? இன்று முழுக்க அந்தச் சட்டிதான் மண்டைக்குள் ஓடுகிறது.

எங்கள் வீட்டில் குழாயைத் திருப்பினால் வெந்நீர். நான் முனகிக்கொண்டே செய்கிறேன்.

செப்டம்பர் 21, செவ்வாய்

அக்காவோடு போனில் சண்டை. அட்மிட் பண்ணு, அட்மிட் பண்ணு. பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்வது சுலபம். (அவ்வளவு தூரம் இல்லை. கோபத்தில் எழுதிவிட்டேன்.) அப்பா ஆஸ்பத்திரி வேண்டவே வேண்டாம் என்கிறார்.

முகாமிலும் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. போனவர்கள் திரும்பாத இடம். சாமியாருக்குக் காலில் ரத்தம் கட்டியது, பிறகு பேதி, பிறகு நிமோனியா. கைதிகள் எவ்வளவோ மறித்தும் காவலர்கள் அங்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். 1951 மே 23. வயது 35.

இந்தப் பகுதியை அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

செப்டம்பர் 23, வியாழன்

அப்பா சிரித்தார்!

சாமியார் திருடினாரா என்று கேட்டார். ஆமாம், காவலர்களின் கிடங்கிலிருந்து சோளம், தானியம், கிடைத்ததையெல்லாம். கிளம்பும் முன், இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனை வேண்டிக்கொள்வாராம். பத்துக் கட்டளையை ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்த மனிதர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பசிச்சவனுக்குன்னு எடுத்தா களவில்ல. ஆனாலும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருப்பார்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பிறகு, விளக்கை அணைத்த பின்: "யார்கிட்ட சொல்லியிருப்பார்?"

செப்டம்பர் 25, சனி

விமானம் வந்து இறங்கியது. கொடி போர்த்திய பெட்டி. போனை அப்பா கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன், கை மரத்துப்போனது. முதலில் பிறந்த ஊரான பில்சனுக்கு. சின்ன ஊர், சுற்றிலும் வயல், நடுவில் அந்தக் கோயில். ஒவ்வொரு ஜூனிலும் விச்சிட்டாவிலிருந்து அறுபது மைல் நடந்து போவார்கள். வேளாங்கண்ணி நடைப்பயணம் மாதிரி என்றேன். "காவி கட்டுவாங்களா?" என்றார்.

செப்டம்பர் 26, ஞாயிறு

சாமியாரின் சுங்கான் (புகைக்குழாய்) படம் காட்டினேன். குறிபார்த்துச் சுட்டவன் உடைத்துவிட்ட சுங்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாமியார் புகை பிடிக்கலாமா என்று அப்பா கேட்பார் என்று நினைத்தேன். பீடி இருக்கா என்று கேட்டார். விட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது.

செப்டம்பர் 28, செவ்வாய்

காய்ச்சல் 100. சாயங்காலம் குறைந்தது.

சிலுவையைப் பற்றிச் சொன்னேன். ஜெரால்ட் ஃபிங்க், யூதர், விமானி. சாமியார் செத்த பிறகுதான் அந்த முகாமுக்கு வருகிறார், நேரில் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டே விறகுக் கட்டையில் பாடுபட்ட சுரூபம் செதுக்கினார், கம்பியில் முள்முடி. விடுதலையாகும்போது கைதிகள் அதைச் சுமந்துகொண்டு வந்தார்கள். இப்போது இதே ஊரில், சாமியார் பெயரிலுள்ள பள்ளியில் இருக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பெயர்ப்பலகையை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். கால்பந்து நன்றாக ஆடும் பள்ளி, என் மண்டையில் இருந்தது அது மட்டும்.

நாளைக்குப் பெட்டி ஊர்வலம் பார்க்கப் போகணும் என்கிறார். முடியாது என்றேன். போகணும் என்கிறார்.

செப்டம்பர் 29, புதன்

அதிதூதர் மிக்கேல் திருநாள். அப்பாவின் பெயர்த் திருநாளும்.

காரில் உட்காரவைக்கவே முக்கால் மணி நேரம். பேராலயத்துக்குப் போகும் தெருவில் ஓரமாக நிறுத்தினேன். இந்த முறை நிஜக் குதிரைகள் என்று சொல்லியிருந்தேன், பெட்டியைக் குதிரை வண்டியில் கொண்டுவருவார்கள் என்று. ஜிப்பா போட்டிருந்தார், கழுத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த உத்தரியம். நடைபாதையில் பள்ளிப் பிள்ளைகள், கொடிகள். நல்ல வெயில். கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

அப்புறம் அந்த வாடை. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார்.

"போயிடலாம்ப்பா." அவர்தான் சொன்னார்.

குதிரைகளைப் பார்க்கவில்லை. வீட்டில் டிவியில் ஓடிக்கொண்டிருந்திருக்கும், போடவில்லை. குளியலறையில் நாற்காலியில் உட்காரவைத்து மேலிருந்து கீழே கழுவினேன். வீங்கிய காலில் மட்டும் மெதுவாக. இன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி சூடு சரியா இருக்கு" என்றார்.

செப்டம்பர் 30, வியாழன்

மூச்சு வாங்குகிறது. அக்கா போனை எடுக்கவில்லை, அங்கே நடுராத்திரி. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. அப்பா அந்த ஜிப்பாவைத்தான் கேட்கிறார், அது இன்னும் மெஷினுக்குள்