"அத எழுதாண்டாம் சிஸ்டரே"

மனச்சோர்வைக் கணக்கிட நாங்கள் பயன்படுத்தும் தாளில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். அதில் தூக்கம், களைப்பு, பசி, கவனம் பற்றி நான்கு கேள்விகள் உண்டு. வயிற்றுக்கு ஒழுங்காக எதுவும் போகாத ஒருவருக்கு இந்த நான்கிலேயே 12 வந்துவிடலாம். 10 வந்தாலே மிதமான மனச்சோர்வு என்பது கணக்கு. இத்தனை வருடம் அந்தத் தாளை நிரப்பியும் இந்தக் கூட்டலை நான் போட்டுப் பார்த்தது அந்த அக்கா வந்துபோன பிறகுதான்.

மீன்பிடித் தடைக்காலம், குளச்சல் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்த ஜூலை மாதம். நெஞ்சு படபடப்பு, உறக்கம் இல்லை, சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளை அடித்துவிடுகிறேன் என்றார். பசி எப்படி என்று கேட்டேன். "பசியே தெரியல்ல" என்றார். 3 போட்டேன். மொத்தம் 16. டாக்டர் பார்த்து மாத்திரை எழுதினார்.

கவரில் 'காலை, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டார்: "கட்டன் சாயா குடிச்சிட்டுப் போட்டா போதுமா சிஸ்டரே?"

"வெறும் சாயா போதாதுக்கா, வயிறு பொரட்டும். காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"காலையில நான் ஒண்ணும் சாப்பிடுறது இல்ல."

சின்னவனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு கிடைக்கிறது. மூத்தவளுக்கு மதியம் சத்துணவு உண்டு. காலையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புவார். ராத்திரி கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டது போகப் பானையில் மிஞ்சும் கஞ்சிதான் இவருக்கு. மிஞ்சாத நாளும் உண்டு. ரேசன் அரிசி இல்லையா என்றேன். "இருக்கு. மாசக் கடைசிக்கு எட்டாது. அரிசி மட்டும் இருந்தா ஆச்சா?" தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்த அன்றே பழைய கடனுக்குப் போய்விட்டது. குழு லோனுக்கு வாராவாரம் ஆள் வருவான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் எல்லாரும் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். "சோறு இல்லன்னா ஒருத்தருக்கும் தெரியாது. தவணை இல்லன்னா ஊருக்கே தெரியும்."

நான் பேனாவை எடுத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்தார். "அத எழுதாண்டாம் சிஸ்டரே. எனக்க வீட்டுக்காரரு அறிஞ்சா மனசு ஒடைஞ்சு போவாரு. மவளுக்கும் நாளைக்கு ஒரு கல்யாணக் காரியம் வரணும்லா."

எழுதவில்லை. டாக்டரிடம் வாயால் மட்டும் சொன்னேன். மாத்திரையை ராத்திரி சாப்பாட்டோடு மாற்றினார். "சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா சோத்துக்கு நான் என்ன சீட்டு எழுதித் தர?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

அந்தப் பேனாவைக் கீழே வைத்தது சரிதானா என்பதுதான் இன்றுவரை என்னை விடாத கேள்வி. சரிதான் என்று சொல்ல எனக்குக் காரணம் உண்டு. கடற்கரையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஆஸ்பத்திரித் தாள் எத்தனை கைக்குப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். அவரிடம் மிச்சம் இருந்த ஒரே பிடி, பட்டினி வெளியே தெரியாமல் இருப்பது. அதையும் பிடுங்கிவிட்டு மனநலம் பேச எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ராத்திரியில் வேறுமாதிரித் தோன்றும். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45இல் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பாதி உணவு கொடுத்துப் பார்த்தார்கள். எரிச்சல், சோர்வு, மனச்சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு எல்லாம் வந்தன. அவர்கள் வாசலில் தவணைக்காரன் நிற்கவில்லை. சோதனை முடிந்தால் சாப்பாடு வரும் என்பதும் தெரிந்திருந்தது. அக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வைத்திருக்கும் எட்டுக் கேள்விகளில் முதலாவது பசியைப் பற்றியதுகூட இல்லை, சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது. அந்த ஒரு கேள்வி எங்கள் தாளிலும் இருந்திருந்தால், அவர் சொல்லாமலே நான் கேட்டிருப்பேன். இலவச அரிசி இருக்கிற மாநிலத்தில் பட்டினியா என்று கேட்பவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒரு தாள்கூடக் கிடையாது. இருந்திருக்கக்கூடிய அந்த ஒரு வரியையும் நான்தான் எழுதாமல் விட்டேன்.

ஆகஸ்டில் படகுகள் போயின. செப்டம்பரில் அக்காவுக்கு 6 வந்தது. முகம் தெளிந்திருந்தது, மகனைக் கொஞ்சிக்கொண்டே உள்ளே வந்தார். 'மருந்தில் நல்ல முன்னேற்றம்' என்று தாளில் ஏறியது. மாத்திரையும் வேலை செய்திருக்கும், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அடுப்பில் மீன்குழம்பு கொதித்ததும் வேலை செய்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்தத் தாளால் முடியாது. நான் எழுதியிருந்தால் முடிந்திருக்குமோ என்று தோன்றும். எழுதியிருந்தால் அவர் செப்டம்பரில் வந்தே இருக்க மாட்டார் என்றும் தோன்றும்.

இப்போது இதை எழுதுவதுகூட அவர் கேட்டுக்கொண்டதற்கு எதிராகத்தானே என்று இரண்டு மனதாக இருந்தேன். குளச்சல் பக்கம் என்பதைத் தவிர ஊரைச் சொல்லவில்லை, வீட்டு விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அது போதுமா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மதிப்பெண் குறைந்தே இருப்பதால் மே மாதத்தோடு மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார் டாக்டர். நான் வாயால் சொன்னது அவருக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை, எத்தனையோ பேரைப் பார்க்கிறார். ஜூன் 1ஆம் தேதி படகுகளை மறுபடியும் கட்டிவிடுவார்கள். அதற்கு முன் அக்காவை டாக்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திவிட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன். சம்மதிப்பாரா என்பது தெரியவில்லை.